மில்லுக்காரர் கேட்காமல் விட்ட கேள்வி

தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் ரோட்டோரத்தில் நட்டு வைத்திருக்கிற மைல் கல்லைத் தவிர, மற்ற எல்லோரிடமும் "பூர்வீகம் எது?" என்று கேட்டு முடித்தவர் எங்கள் தெரு மாவு மில்லுக்காரர். மைல் கல் தப்பித்ததற்கும் காரணம் உண்டு. அதில்தான் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறதே.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கரண்டு பில் அந்தப் பெயரில்தான் வரும். ஆனால் அல்லிநகரத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "பூர்வீகம் மில்லு" என்றால் பால்வாடிப் பிள்ளைகூடக் கை காட்டும்.

நாம் மிளகாய் டப்பாவைக் கொண்டுபோய்த் தராசில் வைத்தால், மற்ற மில்லில் எடையைப் பார்ப்பார்கள். இவர் முகத்தைப் பார்ப்பார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் என்றால் தொலைந்தாள்.

"தாயி, எந்த ஊரு?"

"இங்கனதான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி."

"அது வீடு. நான் ஊரைக் கேட்டேன்."

"எங்க வீட்டுக்காரருக்குச் சின்னமனூரு."

"சரி. சின்னமனூருக்கு எங்கருந்து வந்தாக?"

"அது தெரியாதுங்களே."

"தெரியாதா!" என்பார். சந்தையில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தவளைப் பார்ப்பது போல அவளைப் பார்ப்பார். பிறகு ஆரம்பித்துவிடுவார். சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்கால் போட்ட குடும்பங்கள் எவை, அதில் எந்தக் குடும்பம் அண்ணன் தம்பிச் சண்டையில் ஆற்றைத் தாண்டி மார்க்கையன்கோட்டைக்குப் போனது, எந்தக் குடும்பம் சண்டை போடாமலே போனது, எல்லாம் வரும். கதை சூடு பிடிக்கிற இடத்தில் கை தானாக சுவிட்சுக்குப் போய் மெஷினை நிறுத்திவிடும்.

"ஏண்ணே நிறுத்திட்டீக? மிளகா பாதியிலல்ல நிக்குது?"

"இந்தச் சத்தத்துல வரலாறு காதுல விழுகாது தாயி."

பாதி அரைந்த மிளகாயின் நெடி மில் முழுக்கச் சுற்றும். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் குடும்பக் கதைகளில் முக்கால்வாசியை நான் தும்மிக்கொண்டேதான் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் யாராவது "வகையறா" என்று சொன்னால் எனக்கு மூக்கு அரிக்கிறது.

குடும்பங்களை அவர் இரண்டாகத்தான் பிரிப்பார். தண்ணிக்கு முந்தி வந்தவர்கள், தண்ணிக்குப் பிந்தி வந்தவர்கள். தண்ணி என்றால் பெரியாற்றுத் தண்ணி. மலைக்கு மேலே அணை கட்டி, மேற்கே ஓடிய ஆற்றை, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்களே, அது. தண்ணி வந்து வயல் இருபோகம் விளைய ஆரம்பித்ததும் நாலா பக்கமிருந்தும் ஜனம் இறங்கி வந்தது. அப்படி வந்தவர்களின் கொள்ளுப்பேரன் பேரன் எடுத்த பிறகும், மில்லுக்காரருக்கு அவர்கள் "நேத்து வந்தவக"தான்.

என் வீட்டுக்காரர் குடும்பம் வருசநாட்டு மலையடியிலிருந்து தண்ணிக்குப் பிந்தி இறங்கி வந்தது. இதை என் மாமியாரிடம் அவர் நேருக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"எங்க மாமனாரு இங்கன வந்து, வாழ்ந்து, செத்து, சமாதியில மரம் முளைச்சு, அந்த மரத்தையும் வெட்டியாச்சு. நாங்க நேத்து வந்தவகளா?" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்த என் மாமியார், கடைசிவரை அந்த மில் வாசலை மிதிக்கவில்லை.

போலீசும் அவரிடம் தப்பவில்லை. ஒரு நாள் ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் போனவரைச் சிக்னலில் நிறுத்தியிருக்கிறார் புதிதாக வந்த போலீஸ்காரர்.

"லைசென்ஸ் எடுங்க பெரியவரே."

"எடுக்குறேன் சார். சாருக்குப் பூர்வீகம் போடிதான? மூக்கைப் பாத்தாலே தெரியுது."

"இல்ல, தேவாரம்."

இந்தப் பதிலைச் சொன்னதுதான் அந்தப் போலீஸ்காரர் செய்த தப்பு. தேவாரத்தில் எந்தத் தெரு, தாத்தா ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறிய குடும்பமா, கீழேயே நின்ற குடும்பமா என்று போனது பேச்சு. வெயில் ஏறியது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. கடைசியில் போலீஸ்காரர் கும்பிட்டுவிட்டார். "ஐயா, நீங்க கிளம்புங்க. தயவு செஞ்சு கிளம்புங்க." இவர் கிளம்பவில்லை. "ஒங்க பெரிய தாத்தாகிட்டயே இன்னும் வரலையே சார்!" மறுநாளிலிருந்து அந்தப் போலீஸ்காரர் வேறு சிக்னலில் நின்றார்.

துக்க வீட்டில் செய்தது இதைவிட மோசம். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பெண்கள் கூடி அழுதுகொண்டிருந்தோம். ஒப்பாரி சொல்கிற கிழவி, "உத்தமபாளையத்துல பொறந்தவரே, ஊராள வந்தவரே" என்று ராகம் போட்டு இழுத்தாள். வாசலில் நின்ற மில்லுக்காரரின் குரல் கேட்டது.

"ஆத்தா, பொறந்தது கோம்பை. வளந்ததுதான் உத்தமபாளையம்."

கிழவி அழுகையை நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, "செத்தவரே ஒண்ணும் சொல்லாமப் படுத்திருக்காரு. ஒனக்கு என்ன பொச்சரிப்பு?" என்றாள். செத்தவரின் சம்சாரமே சிரித்துவிட்டாள். பிறகு அதற்கும் சேர்த்து அழுதாள்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். நான் பொதுவாக வாய் திறக்கிறவள் இல்லை. ஆம்பளைகள் இருக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. டப்பாவை வைப்பேன், தும்முவேன், வாங்கிக்கொண்டு வருவேன். என் மகள் செல்வியின் கல்யாணத்தில் அவர் கை வைக்கும்வரை அப்படித்தான்.

செல்வி எங்களுக்குக் காலம் தாழ்த்திப் பிறந்தவள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப்பில் வேலை. முப்பதை நெருங்கிவிட்டாள். ஒருத்தருக்கு ஜாதகம் சேரவில்லை. ஒருத்தர் வேலையை விடச் சொன்னார். ஒருத்தர் எல்லாம் பேசி முடித்துவிட்டு போனை எடுக்காமலே இருந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் செல்வி ஒன்றும் சொல்லமாட்டாள். மறுநாள் வழக்கம் போல டூட்டிக்குக் கிளம்பிவிடுவாள்.

அப்போதுதான் கம்பத்திலிருந்து அந்த வரன் வந்தது. மாப்பிள்ளை திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை வைத்திருந்தார். அவரும் செல்வி மாதிரியே, கேட்டால்தான் பேசுவார். இப்படிப்பட்ட இரண்டு பேர் போனில் மணிக்கணக்காக என்னத்தைப் பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் பேசிவிட்டு வந்து அவள் சமையல்கட்டில் என்னிடம் வலிய வந்து, "அம்மா, காப்பி போடவா?" என்று கேட்டாள். அது போதாதா?

குலசாமியும் முதலிலேயே விசாரித்துவிட்டோம். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கச்சி முறை, கட்டக்கூடாது என்பது தெரிந்ததுதானே. எங்கள் சாமி வருசநாட்டில் மருதடிக் கருப்பு. அவர்கள் "பெட்டிச்சாமி" என்றார்கள். சாமி வேறு, பிரச்சினை இல்லை என்று பூ வைக்க நாள் குறித்தோம்.

மில்லுக்காரரைக் கூப்பிடாமல் இருக்க முடியாது, ஒரே தெரு. என் வீட்டுக்காரர் ஒரு யோசனை செய்தார். கடைசி வரிசையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், காது கேட்காத என் சின்ன மாமனாருக்கு அடுத்த நாற்காலியில் அவரை உட்காரவைத்தார். நான் பலகாரத் தட்டோடு வரும்போதெல்லாம் பார்த்தேன். எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்க, அந்த ஒரு நாற்காலி மட்டும் நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்துகொண்டே இருந்தது. தாம்பாளத்தில் பூவை எடுக்கிற நேரத்தில் அது மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

"அய்யாவுக்குப் பூர்வீகம்?"

"கம்பந்தாங்க."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி எங்கப்பாவும் கம்பந்தாங்க."

"சாமி எங்கன இருக்கு?"

"வீட்டுலயே பெட்டியில இருக்கு. பிடிமண்ணு."

ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் சாமி காலடியில் ஒரு பிடி மண் எடுத்துப்போய், போகிற ஊரில் வைத்துக் கும்பிடுவார்கள். அந்த மண்தான் அவர்களுக்குச் சாமி. மில்லுக்காரரின் கண் மின்னியது.

"எங்கன எடுத்த மண்ணு?"

"வருசநாட்டுல. ஆத்தங்கரையில ரெட்டை மருத மரம் இருக்குல்ல, அங்கன. சின்னப் பிள்ளையில எங்கப்பாவோட போயிருக்கேன்."

மில்லுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "மருதடிக் கருப்பு! அட, இவகளும் அதே மண்ணுதான! ரெண்டு பேரும் பங்காளியப்பா! பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி!"

தொலைந்துபோன உறவைச் சேர்த்து வைத்த சந்தோஷத்தில் அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். சிரித்தது அவர் ஒருத்தர்தான்.

மாப்பிள்ளையின் அம்மா கையில் எடுத்த பூவை மறுபடி பைக்குள் வைத்தார். கோபமாகக்கூட வைக்கவில்லை, நலுங்காமல் மெதுவாக வைத்தார். "விசாரிக்காம வந்துட்டோம், மன்னிச்சிருங்க" என்று வேனில் ஏறிவிட்டார்கள். பந்திக்குப் போட்ட இலை போட்டபடி கிடந்தது. செல்வி உள்ளே போய்ப் பட்டுப்புடவையை மாற்றிவிட்டு வந்தாள். "அம்மா, லீவ கேன்சல் பண்ணிட்டேன். நான் டூட்டிக்குப் போறேன்" என்றாள். காப்பி குடித்துவிட்டுப் போ என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை.

மறுநாள் காலையில் மில்லுக்குப் போனேன். கையில் டப்பா இல்லை.

"வா தங்கச்சி. மல்லியா, மிளகாயா?" என்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் நேராகப் போய் சுவிட்சை அமர்த்தினேன். மில்லே வாயடைத்துப்போனது. அந்த சுவிட்சில் அவர் கையைத் தவிர வேறு கை அதுவரை பட்டதில்லை.

"மண்ணு ஒண்ணுன்னு சொன்னீகளே அண்ணே, அந்த மண்ண எடுத்துட்டுப் போனது யாரு?"

"கம்பத்து வகையறாவுல யாராச்சும் மூத்தவரு..."

"அவரு பேரு?"

"பேரு வந்து..."

"எங்க வீட்டுல எந்தத் தாத்தாவுக்கு அவரு அண்ணன் தம்பி? ஒங்களுக்குத் தெரியாத தாயாதி உண்டா? சொல்லுங்க."

வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அந்த வாய் சும்மா திறந்து மூடி நான் பார்த்ததே இல்லை. உள்ளேயிருந்து அவர் சம்சாரம் ராசாத்தி அக்கா மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்து, "தங்கச்சி, விடாத! இன்னைக்குத்தான் மாட்டியிருக்காக!" என்றார்.

"எம் மக ராத்திரி சாப்பிடல அண்ணே" என்றேன்.

மில்லுக்காரர் தோளில் கிடந்த துண்டை உதறினார். மாவு பறந்தது. "ராசாத்தி, மில்ல அடைச்சிரு. மண்ணப் பாத்துட்டு வந்துர்றோம்" என்றார். தீபாவளிக்கு முதல் நாள்கூட அடைக்காத மில்.

அவரும் நானும் என் வீட்டுக்காரரும் வருசநாட்டு பஸ்ஸில் ஏறினோம். கவலையில் இருக்கிறோமே, வழியில் சும்மா வருவார் என்று நினைத்தது எங்கள் தப்பு. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஊர்க்கதை. என் வீட்டுக்காரர் முதலில் தூங்குவது போல நடித்தார். கடமலைக்குண்டு வருவதற்குள் நிஜமாகவே தூங்கிவிட்டார்.

கோயிலில் பூசாரி மருத மரத்தடியில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மில்லுக்காரர் விஷயத்தைச் சொன்னதும், சோற்றை விழுங்கிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"கம்பத்துப் பெட்டிக்காரகளா? அவுக பங்காளின்னு எவன் சொன்னான்?"

"நாந்தான்" என்றார் மில்லுக்காரர். குரல் இறங்கியிருந்தது.

"பங்காளின்னா கெடா வெட்டுல கெடாத் தலையப் பங்கா வாங்கணுமா இல்லையா? இந்தா நிக்கிறாகளே," என்று என் வீட்டுக்காரரைக் காட்டினார், "இவுக வகையறா தலை வாங்கும். கம்பத்துக்காரகளுக்கு எங்கப்பா காலத்துல இருந்து தலை கெடையாது. சேலையும் மஞ்சளுந்தான். அவுக இந்த வகையறாவுல பொறந்த பொண்ணு வழியப்பா."

"பொண்ணு வழியா?"

"ஆமா. கம்பத்துல வாக்கப்பட்டா ஒரு பிள்ளை. அவ புருசன் வீட்டுக்காரக எங்கருந்தோ மலை தாண்டி வந்தவக, கும்பிட ஒரு சாமி கெடையாது. எம் பிள்ளை குட்டிக ஒரு சாமியில்லாமப் போகக்கூடாதுன்னு, பொறந்த வீட்டுச் சாமி மண்ண முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. ஆம்பள எடுத்தா ஓலைப் பெட்டியில வாங்கிட்டுப் போவான். அவ கேக்காமலே எடுத்துட்டுப் போனா. பெறகு சாமியே ஏத்துக்கிட்டு சேலை குடுத்துச்சு."

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் வீட்டில் பிறந்த பெண்ணின் வழி என்றால், அத்தை வழி. மாப்பிள்ளை அத்தை மகன் முறை. கட்டக்கூடிய முறை மட்டுமில்லை, கேட்டு வருகிற உரிமையே உண்டு. என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்தார்.

மில்லுக்காரர் மட்டும் பூசாரியை விடவில்லை. "அந்தப் பிள்ளை பேரு என்ன?"

"பேரா?" பூசாரி சிரித்தார். "பொட்டப்பிள்ளை பேர யாரப்பா ஞாபகம் வச்சிருக்கா?"

திரும்பி வருகிற பஸ்ஸில் மில்லுக்காரர் ஒரு ஊர்க்கதைகூடச் சொல்லவில்லை. ஸ்டாப் வந்தது, போனது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "அப்பன், பாட்டன், பூட்டன்னு ஆம்பளைகளா அடுக்கி வச்சிருக்கேன் தங்கச்சி" என்றார். "எம் மண்டையில இருக்கிறது பாதி ஊருதான் போல."

அன்று சாயங்காலமே கம்பத்துக்குப் போனோம். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் நின்று மில்லுக்காரர், ஆயுசில் முதல் தடவையாக, "நான் சொன்னது தப்பு" என்றார். பிறகு பூசாரி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

மாப்பிள்ளையின் அப்பா யோசித்தார். "அட, எங்க பெட்டியில மண்ணு ஒரு சேலைக் கிழிசல்லதான் முடிஞ்சிருக்கு. ஏம்ப்பா இப்பிடின்னு எங்கப்பாட்ட கேட்டேன். அந்தக் காலத்துல நல்ல துணி கெடைச்சிருக்காதுடான்னாக!"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து பிரிட்ஜைத் திறந்தார். பைக்குள் போன பூ அங்கே ஈரத்துணியில் சுற்றி இருந்தது. அதைத் தூக்கி எறிய அவருக்கும் மனசு வரவில்லையாம்.

கல்யாணம் வீரபாண்டியில் நல்லபடியாக நடந்தது. செல்வி இப்போது கம்பத்தில் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்குப் போனால் காப்பி போட்டுக்கொண்டே பேசுகிறாள், பேசுகிறாள், காப்பி பொங்கி வழிகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மில்லில் தொல்லை இரண்டு மடங்காகிவிட்டது. முன்பு வீட்டுக்காரரின் பூர்வீகத்தைச் சொன்னால் போதும். இப்போது, "அது கெடக்கட்டும் தாயி, ஒனக்குப் பொறந்த ஊரு எது? ஒங்கம்மாவுக்கு? அவுகளப் பெத்தவுகளுக்கு?" என்று ஏறிக்கொண்டே போகிறார். இட்லிக்கு அரைக்க வந்தவள் ஊறவைத்த அரிசி அங்கேயே புளித்துவிட்டது என்று சண்டை போடுகிறாள். ராசாத்தி அக்காவோ, "என்னையக் கட்டி இம்புட்டு வருசத்துல எங்கம்மா பேரு இவுகளுக்குத் தெரியாது. இப்பத்தான் கேக்குறாக. சொல்லமாட்டேன்னுட்டேன். அலையட்டும்!" என்கிறார்.

போன வாரம் என் முறை வந்தது.

"தங்கச்சி, ஒனக்கு மார்க்கையன்கோட்டை. ஒங்கப்பா வகையறா தெரியும். ஒங்கம்மா பேரு?"

"பேச்சியம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பெயரை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. நானும் எத்தனையோ வருடமாக வாயால் சொன்னதில்லை.

"அவுக எந்த ஊர்லருந்து வாக்கப்பட்டு வந்தாக?"

"தெரியாதுண்ணே. நான் நெனவு தெரியுறதுக்குள்ள அம்மா போயிட்டாக. அப்பா அதப்பத்திப் பேசமாட்டாக."

அவர் மல்லியை நைசாக அரைத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் போனால் மில் அடைத்துக் கிடக்கிறது. வாசலில் டப்பாவும் வாளியுமாகப் பெண்கள் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராசாத்தி அக்கா கையை விரித்தார்.

"விடியமுன்ன மார்க்கையன்கோட்டைக்குக் கெளம்பிட்டாக. யாரோ பேச்சியம்மாவாம். அவுக பொறந்த ஊரக் கண்டுபிடிக்காம வரமாட்டாகளாம்."

"கிறுக்கு முத்திப்போச்சு! யாருடி அந்தப் பேச்சியம்மா?" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொருத்தியாக அடுத்த தெரு மில்லுக்கு நடந்தார்கள். எனக்கும் ஆத்திரம்தான். இந்த வயசில், அந்த முட்டி வலியோடு, வீடு வீடாக ஏறி இறங்க வேண்டுமா அந்த மனுஷன்?

எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு ராசாத்தி அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணன் ஏதாச்சும் சாப்பிட்டுட்டுத்தான் போனாகளா?"